சொல்லிக்கொள்ளாமல் இறங்கிய டிரைவர்

பழனி ரோட்டில் அப்போது இரண்டு கம்பெனி பஸ்கள் ஓடின. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கம்பெனிப் பெயரைச் சொல்லி யாரும் பஸ் ஏறியதாக எனக்கு நினைவில்லை. "பச்சையில வந்தேன்", "சிவப்பு போயிருச்சா?" என்பதுதான் பேச்சு. முதலாளிகள் இருவரும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டுக்கு வெள்ளை அடித்தால் மற்றவர் மறுவாரம் அடிப்பார். ஒட்டன்சத்திரம் சந்தையில் பச்சைக்காரர்களும் சிவப்புக்காரர்களும் அடித்துக்கொண்டதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று முறை என்று சிலர் சொல்வார்கள். மூன்றாவது வெறும் வாய்ச்சண்டை. அதை நான் சேர்ப்பதில்லை.

நான் பச்சையில் கண்டக்டர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருடம் வேறு வேலை தேடிப் பார்த்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. திண்டுக்கல் ஸ்டாண்டிலிருந்து பழனி வரை ரோட்டுக்கு இடப்பக்கம் எத்தனை புளியமரம், எத்தனை மதகு, வண்டி எந்த மைல்கல்லில் எத்தனையாவது கியருக்கு மாறுகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. இதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் எண்ணாமல் விட்டால், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டது போல இருக்கும்.

காலை ஏழு மணிக்குச் சிவப்பு கிளம்பும். ஏழு ஐந்துக்குப் பச்சை; பழனி சேர எட்டே முக்கால் ஆகும். முன்னால் போகிற வண்டிக்கு வழியில் ஆள் அதிகம். நின்று நின்று ஏற்ற வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு நிறுத்தம் குறைவு. அதனால் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். ஒட்டன்சத்திரம் தாண்டி ஓடைமேல் ஒரு குறுகிய பாலம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பாலத்துக்கு முன்னால் அரை மைலுக்கு நேர் ரோடு. பின்னால் வருகிறவன் முந்துவதானால் அங்கேதான் முந்த வேண்டும். பாலத்துக்கு அப்புறம் வளைவும் ஒடுக்கமும்தான். முன்னால் போகிறவன் தானாக ஒதுங்கி வழிவிட்டாலொழிய யாரும் யாரையும் முந்த முடியாது.

எங்கள் டிரைவர் அகரத்துக்காரர். குட்டையான மனிதர். நாற்பதைத் தாண்டியவர். பூத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். நான் அவரோடு நாலு வருடம் ஓடினேன். அந்த நேர் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் ரப்பர் ஹாரனை இரண்டு குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் அழுத்துவார். சிவப்பு டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நாங்கள் பக்கத்தில் இருப்போம். இந்த நாலு வருடத்தில் ஒருவரும் அவரை முந்தியதில்லை. இது கணக்கு; புகழ்ச்சி இல்லை.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பழனியில் டீ குடிக்கும்போது என்னிடம் சொல்வார்.

"அப்பு, முந்தப்படுறதுக்கு முந்தி இறங்கிரணும். எவனாவது ஒருத்தன் என்னைய முந்திட்டான்னு வையி, அன்னைல இருந்து நான் டிரைவர் இல்ல. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற மூட்டை."

"எப்பண்ணே இறங்குவீக?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன் கூட டீ குடிக்கிறேன்?"

அவர் பச்சையை விட்டது ஒரு பெயின்டரால். ஆயுதபூஜைக்கு வண்டிக்கு வர்ணம் பூசியபோது முதலாளி முன்கண்ணாடிக்கு மேலே 'தோல்வி அறியாத வண்டி' என்று மஞ்சளில் எழுதச் சொன்னார். டிரைவர் ஷெட்டுக்கு வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"வண்டியா செயிச்சது?"

முதலாளி சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதானப்பா. வண்டி நல்லாருந்தா எவன் உக்காந்தாலும் ஓடும்."

"அப்படியா முதலாளி? அப்ப வண்டியே ஓட்டிக்கிரட்டும்."

சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தார். மறுவாரம் சிவப்பில் சேர்ந்தார். சிவப்பு முதலாளி அவருக்காகவே ஒரு புது வண்டி இறக்கியிருந்தார்.

எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டியை விட்டு வேறு வண்டிக்குப் போகிற டிரைவர், கடைசி நாள் முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டு, "போயிட்டு வாரேன்" என்று வண்டியிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். மனிதர்களிடம் சொல்லாமல் போனவர்கள் உண்டு. வண்டியிடம் சொல்லாமல் போனவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். கோபத்தில் மறந்துவிட்டார். ஷெட் மேஸ்திரி அன்றைக்கே முணுமுணுத்தார். "வண்டிக்கு இன்னும் அவன் இறங்கினது தெரியாது" என்றார். படித்தவன் என்ற நினைப்பில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பச்சைக்குப் புதிதாக வந்தவன் கம்பம் பக்கத்துப் பையன். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. பழனி ரோட்டை அதுவரை பார்த்ததே இல்லை. பழைய டிரைவரையும் பார்த்ததில்லை. முதல் நாள் தடுமாறினான். இரண்டாம் நாளும் தடுமாறினான். மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரம் தாண்டி நேர் ரோடு தொடங்கும் இடத்தில் ஹாரன் அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

முன்னால் சிவப்பு கண்ணுக்கே தெரியவில்லை. யாருக்காக அடித்தான் என்று கேட்டேன்.

"இங்கன அடிக்கணும்ல?" என்றான்.

நாலாம் நாளிலிருந்து நான் கியர்களை எண்ணத் தொடங்கினேன். ரெட்டியார்சத்திரம் ஏற்றத்தில் மூன்றாவது மைல்கல்லுக்குப் பத்தடி முன்னால் இரண்டாம் கியர். அகரத்துக்காரர் அங்கேதான் மாற்றுவார். வேறு டிரைவர்கள் கல்லைத் தாண்டி மாற்றுவார்கள். ஒட்டன்சத்திரம் ரயில்வே கேட்டுக்கு முன்னால் காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருள விடுவது, ஓடைச் சரிவில் இரண்டு முறை கிளட்ச் மிதிப்பது, எல்லாம் அப்படியே. ஒரு ஓட்டத்துக்கு அவர் எத்தனை முறை கியர் மாற்றுவாரோ அத்தனை முறை இவனும் மாற்றினான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அவனிடமே கேட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, நீங்கதான் சொல்லிச் சொல்லிக் கொடுக்குறீக. என்னையப் போயிக் கேக்குறீக."

"நான் என்ன சொன்னேன்?"

"வாயால சொல்லல. தட்டுறீகள்ல? நான் உங்க தட்டலுக்குத்தான் ஓட்டுறேன்."

எனக்கு மூச்சு வந்தது. விஷயம் இதுதான். நான் எப்போதும் முன் ஃபுட்போர்டுப் பக்கம் நின்று வருவேன். இடப்பக்கம் ஆள் இல்லை, போகலாம் என்பதற்கு வண்டித் தகரத்தில் கையால் தட்டுவது கண்டக்டர் வேலை. நாலு வருடம் எண்ணிக்கொண்டே வந்ததில், பழைய டிரைவர் கியர் மாற்றும் இடத்திலெல்லாம் என் கை என்னை அறியாமல் தட்டப் பழகியிருந்தது. ரோடு தெரியாத பையன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டான். அன்று மாலை மேஸ்திரியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்குக் கைய வச்சிக்கிட்டுச் சும்மா நில்லு" என்றார்.

மறுநாள் இரண்டு கையையும் சட்டைக்குள் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தட்டவில்லை.

மைல்கல்லுக்குப் பத்தடி முன்னால் இரண்டாம் கியர் விழுந்தது.

நான் பையனைப் பார்த்தேன். அவன் என் கைகளைப் பார்த்தான்.

பழனி ஸ்டாண்டில் அகரத்துக்காரர் எனக்காகக் காத்திருந்தார். சிவப்புச் சட்டை அவருக்குப் பொருத்தமாக இல்லை. கழுத்துப் பட்டன் போடவே முடியவில்லை.

"யாருடா ஓட்டுறது?"

"கம்பத்துப் பய அண்ணே."

"முன்னாடி எங்க ஓட்டுனான்?"

"மலைப்பக்கம். லாரி."

"என்கிட்ட எப்பவாவது கிளீனரா இருந்தானா?"

"உங்கள அவன் கண்ணால பார்த்ததே இல்லண்ணே."

டீ கிளாஸை வைத்துவிட்டார். "முந்தாநாளு எனக்குப் பின்னாடி ஒரு ஹாரன் கேட்டுச்சு. தூரத்துல. என் கை என் ஹாரனுக்குத்தான் போச்சு, நான்தான் அடிச்சிட்டேன்னு நினைச்சு. அப்பு, நான் அடிக்கல."

"அண்ணே, ஒரு எலுமிச்சம்பழம்தானே. வண்டி அந்தா நிக்கிது. வந்து தொட்டுச் சொல்லிட்டுப் போயிருங்க."

"பச்சை வண்டிய சிவப்பு டிரைவர் தொட்டுக் கும்பிட்டான்னு சந்தை முழுக்கச் சிரிக்கும். உங்க முதலாளி தெருவுல வெடி போடுவாரு. போடா."

அதற்கப்புறம் இடைவெளி சுருங்க ஆரம்பித்தது. பாலத்தருகே நான் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வேன். முதல் வாரம் நாலு நிமிடம். அடுத்தது மூன்று. பிறகு இரண்டேகால். சிவப்பு வண்டி கண்ணில் படாது. அது கிளப்பிய புழுதி மட்டும் ரோட்டின்மேல் தொங்கும். நாங்கள் அதற்குள் நுழைவோம். பிறகு ஒன்றரை. பிறகு ஒன்று. இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். முந்தப்போவது எங்கள் வண்டி என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த மனிதர் ஒன்றுக்குத்தான் பயந்தார். அந்த ஒன்று அவருடைய நடையிலேயே அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? இரண்டு வண்டியிலும் சேர்த்து எண்பது பேருக்குக் குறையாது. அதுவும் தைப்பூசத்துக்கு நாலே நாள். ரோட்டோரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள்.

அன்று காலை நேர் ரோடு தொடங்கும் இடத்தில் முதல்முறையாகச் சிவப்பின் முதுகைப் பார்த்தேன். நூறு கஜம் இருக்கும். இடதுபக்கம் மஞ்சள் வேட்டிக்காரர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வேகம் எடுத்தது.

"மெதுவாப் போடா!" என்று கத்தினேன்.

"நான் மிதிக்கலண்ணே."

அவன் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நான் பார்த்தேன். பொய் சொல்கிறான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஹாரன் அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நீளம். அடித்துவிட்டுத் தன் கையை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

முன்னால் சிவப்பு வேகத்தைக் கூட்டவில்லை. இடதுபக்கம் சரிந்து, நடந்து போகிறவர்களுக்கு இடம் விட்டு, மெதுவாகி, பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றது. டிரைவர் பக்கக் கதவு திறந்தது. அவர் இறங்கினார். வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் வயல் ஓரமாக நடந்தார். நான் எண்ணினேன்: பதினோரு அடி. அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகுதான் நாங்கள் அந்தக் காலி வண்டியைத் தாண்டினோம். காலி என்றால் டிரைவர் சீட் காலி. உள்ளே ஜனங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஃபுட்போர்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலம் வந்தது. எங்கள் பையன் கிளட்சை மிதித்து மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தான். அதே நொடியில், அங்கே வயல் ஓரத்தில் நின்றவரின் இடது கால் மண்ணை அழுத்தியது. இடது கை காற்றில் எதையோ பிடித்துக் கீழே இழுத்தது. வலது கை வளைந்தே இருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சோளக்கொல்லையை.

அவர் மறுபடி எந்த வண்டியிலும் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. ஒருவரும் முந்தாத டிரைவர் என்ற பெயரோடு இறங்கிவிட்டார். முந்தினோமா இல்லையா என்று திண்டுக்கல் டீக்கடைகளில் ஒரு மாதம் சண்டை நடந்தது. "ஆள் இறங்கின வண்டிய முந்துறது ஒரு முந்தலா? நின்ன மாட்டு வண்டியத் தாண்டுனேன்னு சொல்றதுதானே?" என்றார்கள் சிவப்புக்காரர்கள். "ஏலே, பயந்து இறங்குனவன் தோத்தவன்தான்டா" என்றார்கள் எங்கள் ஆட்கள். எங்கள் முதலாளி வண்டி முகப்பு எழுத்துக்கு இன்னொரு பூச்சு மஞ்சள் கொடுத்தார்.

கம்பத்துப் பையன் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டான். போகும்போது மறக்காமல் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினான். ஒன்று போதும், அவன் மூன்று வைத்தான்.

அடுத்து வந்தவர் நெய்க்காரப்பட்டிக்காரர். வயதானவர், நிதானமானவர். இரண்டு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க கண்டக்டர், இந்த வண்டி ஆரு கையில பழகுனதுங்க?"

"ஏன் கேக்குறீங்க?"

"எங் கைக்கு முந்தித் திரும்புதுங்க. தப்பாத் திரும்பல. சரியாத்தான் திரும்புது. அதுதானுங்க எனக்குப் புடிக்கல."

நான் ஒரு நாள் லீவு போட்டேன். வேலையில் சேர்ந்த பிறகு நான் போட்ட ஆறாவது லீவு அது. சைக்கிளில் அகரத்துக்குப் போனேன். ஏழு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவர் மனைவி தோட்டத்தில் பறித்த மல்லிகையைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இருக்காகளா மதினி?"

"இருக்காக தம்பி. இப்பப் பேசிக்கிருங்க. செத்த நேரத்துல உக்காந்துருவாக."

"உக்காந்தா?"

அவர் கூடையைக் கீழே வைத்தார். "உக்காந்தா பேச்சுக் கிடையாது. கூப்பிட்டாக் காது கேக்காது. காப்பி வச்சா ஆறிப்போகும். எட்டே முக்காலுக்கு அவுகளா எந்திரிச்சு மூஞ்சி கழுவிக்கிட்டு, சாதாரணமாப் பேசுவாக. வண்டிய விட்டதுல இருந்து இப்படித்தான். யார்கிட்டப் போய்ச் சொல்ல? நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீக."

அண்ணன் வெளியே வந்து, "வா அப்பு" என்றார். நலம் விசாரித்தார். மல்லிகைக்கு இந்த வருடம் பூச்சி என்றார். பேச்சின் நடுவில் எழுந்து போய், மாட்டுக் கொட்டத்துக்கு வெளியே போட்டிருந்த முக்காலியில் மேற்கே பார்த்து உட்கார்ந்தார். என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐந்து.

நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். வேறு என்ன செய்வது? அவர் கால்கள் அசைந்தன, கை இறங்கி ஏறியது. கண் திறந்தே இருந்தது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. எண்ணிக்கை பிசகவில்லை. எந்த இடத்தில் வண்டி வருகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஒட்டன்சத்திரத்தில் நின்றது. நேர் ரோடு வந்தது. அவர் வலது கை வெறும் காற்றை மூன்று முறை அழுத்தியது. பாலம் தாண்டியது. கொட்டத்தில் கட்டியிருந்த மாடு அவரையே பார்த்துக்கொண்டு அசை போடாமல் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தினால் வந்த கோபம். எழுந்து அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"அண்ணே, ஒருத்தனும் உங்கள முந்தல. ஊருக்கே தெரியும். நாலு வருஷம் நான் எண்ணிக்கிட்டே வந்தேன். போதும்ண்ணே. விடுங்க."

சத்திரப்பட்டி தாண்டியிருக்கும் என்று நான் கணக்குப் போட்ட நேரத்தில், அவர் தலை சற்றே வலதுபுறம் திரும்பியது, பின்னால் ஏதோ கேட்டது போல. கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையும் இறுகின. அவர் மனைவியும் வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு அவர் காலைத் தூக்கினார். கைகள் மெல்ல இடதுபுறம் வளைந்தன. பிரேக்கை மிதித்தார். வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னும் ஆட்டினார்.

"போ, போ" என்றார்.

இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். வியர்வை கொட்டியது. எட்டே முக்காலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் எழுந்துவிட்டார்.

"யாருண்ணே போனது?"

"சின்னப் பய. அவசரமா வந்தான்." முகத்தைத் துண்டால் துடைத்தார். "எனக்கென்ன அவசரம்?" மனைவியைப் பார்த்து, "காப்பி இருக்கா?" என்றார்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே உள்ளே ஓடினார். இவள் ஏன் அழுகிறாள் என்பது போல அண்ணன் என்னைப் பார்த்தார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலை நெய்க்காரப்பட்டி டிரைவரிடம் கேட்டேன். நேற்று சிவப்பு நம்மை முந்தியதா என்று.

"முந்துச்சுங்க. நேர் ரோட்டுல நாம பின்னால விட்ட வண்டிதானுங்க. சத்திரப்பட்டிக்கு அந்தப் பக்கம், வளைவுல. புது டிரைவர் பையன்."

"அங்க எப்படி முந்த முடியும்? நீங்க ஒதுங்குனீங்களா?"

"நான் ஒதுங்கலைங்க" என்றார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஒதுங்கிருச்சுங்க."

அன்றிலிருந்து அந்த வண்டி எல்லா வண்டிகளையும் போல ஓடியது. ஒரு நாள் எண்ணிய கியர் மறுநாள் இருக்காது. நெய்க்காரப்பட்டிக்காரர் சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே ஓட்டினார். அகரத்தில் அவர் அதற்கப்புறம் காலையில் முக்காலியில் உட்காரவே இல்லை என்று மதினி சொல்லி அனுப்பினார்.

நான் லீவு போட்ட அன்று எனக்குப் பதிலாகப் போன கண்டக்டரின் டிரிப் சீட்டை ஆபீஸில் வாங்கிப் பார்த்தேன். சத்திரப்பட்டிக்கு அடுத்த வரியில், 'வண்டி ஓரம் கட்டி நின்றது, காரணம் தெரியவில்லை' என்று பென்சிலில் எழுதியிருந்தார். பக்கத்தில் நேரம், எட்டு இருபத்து நாலு. அகரத்தில் நான் குறித்துக்கொண்டதும் அதுதான். என் கடிகாரம் ஒன்றரை நிமிடம் வேகம். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.